பிரவுசரைத் தொலைவிலிருந்து இயக்கி வலைச் செயலிகளைச் சோதித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிமோட் கண்ட்ரோல் என்றால் இங்கே என்ன பொருள்?

டெஸ்ட் ஸ்கிரிப்ட் ஓரிடத்தில் ஓடுகிறது, பிரவுசர் இன்னோரிடத்தில் திறக்கிறது. நடுவில் இருக்கும் ஒரு சர்வர் இங்கிருந்து வரும் கட்டளைகளை அங்கே நிறைவேற்றிப் பதிலைத் திருப்பித் தருகிறது. "இந்த முகவரிக்குப் போ", "பயனர்பெயர்ப் பெட்டியில் இதைத் தட்டு", "பட்டனை அழுத்து", "தலைப்பில் என்ன இருக்கிறது, சொல்" என்பவைதான் கட்டளைகள். பயனர் செய்வதை அவர் செய்யும் வழியிலேயே செய்து பார்ப்பதால் இது செயல்பாட்டுச் சோதனை. இங்கே பேசுவது இதற்கான செலினியம் என்ற கருவியைப் பற்றி. ஆர்சி அதன் பழைய வழி, வெப்டிரைவர் இன்றைய வழி.

மூன்றும் ஒரே கணினியில் இருந்தாலும் இந்தப் பிரிவு மாறாது. ஸ்கிரிப்ட், சர்வர், பிரவுசர் மூன்றும் தனித்தனி ப்ராசஸ்கள். கீழே வரும் கோளாறுகள் பலவற்றில், "இது யார் பக்கத்தில் நடக்கிறது?" என்று கேட்டாலே விடை கிடைத்துவிடும்.

செலினியம் ஆர்சியும் வெப்டிரைவரும் ஒன்றுதானா?

இல்லை. வேலை ஒன்று, வழி வேறு. செலினியம் 2004-ல் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் கருவியாகத் தொடங்கியது. பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு தளத்திலிருந்து வந்த ஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தின் பக்கத்தைத் தொட முடியாது. அதனால் சோதனைக் கருவியையும் செயலி இருக்கும் சர்வரிலேயே ஏற்ற வேண்டியிருந்தது. இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்ததுதான் ரிமோட் கண்ட்ரோல், சுருக்கமாக ஆர்சி. அதன் சர்வர் ஒரு ப்ராக்ஸியாக நின்றுகொள்ளும். கருவியும் செயலியும் ஒரே தளத்திலிருந்து வருவதாகப் பிரவுசர் நம்பிவிடும்.

வெப்டிரைவர் இப்படி ஏமாற்றுவதில்லை. குரோமுக்குக் குரோம்டிரைவர், ஃபயர்பாக்ஸுக்கு கெக்கோடிரைவர், சஃபாரிக்கு சஃபாரிடிரைவர் என ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரு டிரைவர் இருக்கிறது. அது பிரவுசரை வெளியிலிருந்து நேரடியாக இயக்குகிறது. இரண்டு திட்டங்களும் சேர்ந்து 2011 ஜூலையில் செலினியம் 2 வந்தது. 2016 அக்டோபரில் வந்த செலினியம் 3-ல் ஆர்சியின் மூலச் செயலாக்கம் நீக்கப்பட்டது. 2018 ஜூனில் வெப்டிரைவர், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரைத் தரமானது. இன்று "ரிமோட்" என்றால் ரிமோட் வெப்டிரைவரும், டெஸ்ட்களைப் பல கணினிகளின் பிரவுசர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் செலினியம் கிரிட்டும்தான்.

எங்களிடம் பழைய ஆர்சி டெஸ்ட்கள் குவிந்து கிடக்கின்றன. வரிக்கு வரி மாற்றினால் போதாதா?

போதாது. ஆர்சி ஜாவாஸ்கிரிப்ட் நிகழ்வுகளைப் போலியாக எழுப்பியது. கண்ணுக்குத் தெரியாத பட்டனைக்கூட அது அழுத்திவிடும், முடக்கி வைத்த பெட்டியிலும் எழுதிவிடும். வெப்டிரைவர் மனிதனால் முடியாததைச் செய்ய மறுக்கும். ஆகவே மாற்றியதும் சில டெஸ்ட்கள் தோற்கும். அவற்றில் ஒரு பங்கு, இத்தனை நாள் பொய்யாகப் பாஸாகிக்கொண்டிருந்தவை. அவற்றைக் கட்டாயப்படுத்திப் பாஸாக்காதீர்கள், செயலியைப் பாருங்கள்.

இன்னொரு பொறி பெயரில் இருக்கிறது. ஆர்சியில் நட்சத்திரக் குறி போட்டு 'குரோம்' என்று எழுதினால் திறப்பது ஃபயர்பாக்ஸ். கூடுதல் உரிமையுடன் ஃபயர்பாக்ஸை இயக்கும் முறைக்கு அந்தப் பெயர். கூகுளின் பிரவுசருக்கு 'கூகுள்குரோம்' என்று தனியாக எழுத வேண்டும். பழைய ஸ்கிரிப்டைப் படித்து, "இது குரோமில் சோதித்தது" என்று முடிவு செய்தால் தவறிவிடும்.

தொடங்க என்னென்ன வேண்டும்?

ஜாவா, பைத்தான், சி ஷார்ப், ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில் ஒரு மொழியும் அதற்கான செலினியம் நூலகமும், ஒரு பிரவுசரும் இருந்தால் உங்கள் கணினியில் தொடங்கிவிடலாம். முன்பெல்லாம் டிரைவரைத் தேடி இறக்கி வைக்க வேண்டும். செலினியம் 4.6 முதல் செலினியம் மேனேஜர் என்ற உள்கருவி பொருத்தமான டிரைவரைத் தானே கொண்டுவருகிறது.

வேறு கணினியில் பிரவுசரைத் திறக்க அங்கே செலினியம் சர்வர் வேண்டும். அது ஒரே ஜார் கோப்பு. ஜாவா 11 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு தேவை. 'ஸ்டாண்ட்அலோன்' முறையில் தொடங்கினால் 4444 போர்ட்டில் காத்திருக்கும். அந்த முகவரியைப் பிரவுசரில் திறந்து பாருங்கள். எந்தெந்தப் பிரவுசர்கள் தயாராக இருக்கின்றன என்று அங்கே காட்டும். அங்கே ஒன்றுமில்லை என்றால் ஸ்கிரிப்டைத் தோண்டிப் பயனில்லை. ஸ்கிரிப்டில் மாற்ற வேண்டியது ஒரே இடம்தான்: குரோமை நேரடியாகத் திறக்கும் வரிக்குப் பதிலாக ரிமோட் வெப்டிரைவர், அதற்கு சர்வர் முகவரி, வேண்டிய பிரவுசரின் விருப்பங்கள்.

பிரவுசரைத் திறந்து மூடும்வரையான ஓர் ஓட்டம்தான் செஷன். "செஷனை உருவாக்க முடியவில்லை" என்ற பிழை வந்தால், பிரவுசர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு டிரைவர் பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டதா என்று முதலில் பாருங்கள். குரோமுக்கும் குரோம்டிரைவருக்கும் முதன்மைப் பதிப்பு எண் ஒத்திருக்க வேண்டும்.

ஒரு கிளிக்கில் உள்ளே என்ன நடக்கிறது?

இதைத் தெரிந்துகொள்வது பின்னால் மணிக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும். முதலில் ஸ்கிரிப்ட், "ஒரு செஷன் வேண்டும்" என்று சர்வருக்கு ஒரு எச்டிடிபி கோரிக்கை அனுப்புகிறது. சர்வர் பிரவுசரைத் திறந்து ஒரு செஷன் ஐடி தருகிறது. அடுத்து, "இந்த அடையாளத்தில் ஓர் எலிமென்டை (பட்டன், பெட்டி போன்ற பக்க உறுப்பை) தேடு" என்ற கோரிக்கை போகிறது. திரும்பி வருவது பட்டன் அல்ல, பட்டனைச் சுட்டும் ஒரு குறிப்பு எண். பிறகு, "இந்த எண்ணுக்குரியதைக் கிளிக் செய்" என்று இன்னொரு கோரிக்கை.

அப்போது டிரைவர் எலிமென்டைத் திரையில் தெரியும்படி ஸ்க்ரோல் செய்கிறது. தெரியும் பகுதியின் நடுப்புள்ளியைக் கணக்கிடுகிறது. அந்தப் புள்ளியில் மேலாக இருப்பது நம் எலிமென்ட்தானா என்று பார்த்து, ஆம் என்றால் சுட்டியை அங்கே கொண்டுபோய் அழுத்துகிறது. குக்கி அனுமதிப் பட்டையோ சுழலும் லோடிங் படமோ அந்தப் புள்ளியை மறைத்தால், "கிளிக் இடைமறிக்கப்பட்டது" என்ற பிழை வரும். பிழைச் செய்தியிலேயே மறைத்தது எது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். பலர் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் வழியாகக் கிளிக் செய்தால் இந்தப் பிழை மறைந்துவிடும். ஆனால் பயனருக்கு எட்டாத பட்டனை டெஸ்ட் மட்டும் அழுத்தும். ஆர்சி காலத்துப் பொய் அப்படியே திரும்பி வந்துவிடும். பட்டையை மூடிவிட்டு கிளிக் செய்யுங்கள், அல்லது லோடிங் படம் மறையும்வரை காத்திருங்கள்.

எலிமென்டை எதை வைத்துத் தேடுவது?

நிலையான ஐடி இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் சோதனைக்கென்றே டெவலப்பர்களிடம் ஒரு தனிப் பண்பு வைக்கச் சொல்லி, சிஎஸ்எஸ் தேர்வியால் பிடியுங்கள். இதற்கு ஒரு பேச்சுவார்த்தைதான் செலவு, பலன் வருடக்கணக்கில். எலிமென்ட் இருக்கும் இடத்தைப் பாதையாகச் சொல்வது எக்ஸ்பாத். பிரவுசரின் டெவலப்பர் கருவியிலிருந்து அப்படியே நகலெடுத்த நீளமான எக்ஸ்பாத் வேண்டவே வேண்டாம். "உடலின் மூன்றாவது பெட்டிக்குள் இரண்டாவது பெட்டிக்குள் ஐந்தாவது வரி" என்பது நடுவில் ஓர் அறிவிப்புப் பட்டை வந்ததும் வேறெதையோ சுட்டும். எக்ஸ்பாத் தேவைப்படும் இடமும் உண்டு: "இந்தப் பெயர் இருக்கும் வரிசையில் உள்ள நீக்கு பட்டன்" என்பதுபோல உரையை வைத்துப் பக்கத்தில் இருப்பதைப் பிடிக்கும்போது.

ஒருமுறை பாஸ், மறுமுறை ஃபெயில். கோடில் ஒன்றையும் மாற்றவில்லை. ஏன்?

அநேகமாகக் காத்திருப்புக் கோளாறு. ஸ்கிரிப்ட் ஒரு கடிகாரத்தில் ஓடுகிறது, பக்கம் இன்னொரு கடிகாரத்தில் ஓடுகிறது. பக்கம் ஏறிவிட்டது என்று டிரைவர் சொல்வது எச்டிஎம்எல்லும் அது கேட்ட படங்களும் கோப்புகளும் வந்து சேர்ந்ததைப் பற்றி மட்டுமே. அதற்குப் பிறகு ஜாவாஸ்கிரிப்ட் சர்வரிடம் தரவு கேட்டு வாங்கிப் பட்டியலை வரைவதைப் பற்றி டிரைவருக்கு ஒன்றும் தெரியாது.

பலர் எடுக்கும் முதல் மருந்து, 5 விநாடி தூங்கச் சொல்லும் ஸ்லீப். பக்கம் 1 விநாடியில் வந்தால் 4 விநாடி வீண், 6 விநாடியில் வந்தால் அப்போதும் ஃபெயில். 300 இடத்தில் 5 விநாடி ஸ்லீப் போட்டால் 25 நிமிடம் சும்மா தூங்கியே போகும்.

சரியான வழி வெளிப்படையான காத்திருப்பு: "இந்த எலிமென்ட் அழுத்தத் தகுந்த நிலைக்கு வரும்வரை, அதிகபட்சம் 10 விநாடி பார்". வெப்டிரைவர் வெயிட் இயல்பாக அரை விநாடிக்கு ஒருமுறை சரிபார்க்கும், நிலை வந்தவுடன் நகர்ந்துவிடும். எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். "எலிமென்ட் இருக்கிறது" என்பது டாமில், அதாவது பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் பக்க அமைப்பில், இருக்கிறது என்று மட்டுமே பொருள்படும். கண்ணுக்குத் தெரிகிறதா, அழுத்த முடிகிறதா என்பவை வேறு வேறு நிலைகள். தேடல் முடிவுகளுக்காகக் காத்திருந்தால், பழைய முடிவுகள் போய்ப் புதியவை வந்ததைக் காட்டும் ஒன்றைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் பழைய பட்டியலையே படித்துவிட்டு டெஸ்ட் பாஸாகும். ஃபெயிலாவதைவிட இது ஆபத்து.

மறைமுகக் காத்திருப்பு என்று இன்னொன்று உண்டு. அதன் இயல்பு மதிப்பு 0. ஒருமுறை அமைத்தால் அந்தச் செஷனில் எல்லாத் தேடலுக்கும் பொருந்தும். இரண்டையும் கலக்காதீர்கள். மறைமுகம் 10, வெளிப்படை 15 என்று வைத்தால் காத்திருப்பு 15-ல் முடியாமல் 20 விநாடி வரை போகக்கூடும். காரணம், வெளிப்படைக் காத்திருப்பின் ஒவ்வொரு சரிபார்ப்புக்குள்ளும் டிரைவர் தன் பங்குக்கு 10 விநாடி தேடுகிறது. மேலும், "இந்த எலிமென்ட் இருக்கக் கூடாது" என்று சோதிக்கும் ஒவ்வொரு இடத்திலும் முழு 10 விநாடியும் கழியும்.

"ஸ்டேல் எலிமென்ட்" (காலாவதியான எலிமென்ட்) பிழை எதனால்?

கையில் இருப்பது குறிப்பு எண் என்றோமே, அந்த எண் சுட்டிய பட்டனைப் பக்கம் அழித்துவிட்டு, பார்க்க அதே மாதிரி இன்னொன்றை வரைந்துவிட்டது. ரியாக்ட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களில் எழுதிய பக்கங்களில் இது சாதாரணம். எலிமென்டை மாறியில் வைத்துக்கொண்டு பத்து வரி கழித்துப் பயன்படுத்தாமல், தேவைப்படும் கணத்தில் புதிதாகத் தேடுங்கள். பட்டியலில் ஒவ்வொரு வரியாகச் சுற்றி நீக்கும் டெஸ்ட்டில் இது நிச்சயம் வரும். ஒன்றை நீக்கியதும் மீதிப் பட்டியலும் மறுபடி வரையப்படும். ஒவ்வொரு சுற்றிலும் பட்டியலை மீண்டும் எடுக்க வேண்டும்.

என் கணினியில் ஓடுகிறது, கிரிட்டில் ஓடவில்லை. எங்கே பார்ப்பது?

முதலில் முகவரி. டெஸ்ட்டில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதியிருந்தால் அது பிரவுசர் இருக்கும் கணினியைக் குறிக்கும், உங்கள் கணினியை அல்ல. டாக்கர் கன்டெய்னருக்குள் (கணினிக்குள் தனித்து இயங்கும் ஒரு மூடிய சூழலுக்குள்) பிரவுசர் ஓடினால் அந்தக் கன்டெய்னரையே குறிக்கும், அங்கே செயலி இல்லை. ஸ்கிரிப்ட் சர்வரோடு பேசிவிடுகிறது, பிரவுசரும் திறக்கிறது, ஆனால் பக்கம் "இணைப்பு மறுக்கப்பட்டது" என்கிறது என்றால் இதுதான்.

அடுத்தது சன்னல் அளவு. திரையில் சன்னல் காட்டாமல் ஓடும் ஹெட்லெஸ் முறையில் பிரவுசர் 800 × 600 போன்ற சிறிய அளவில் திறக்கலாம். செயலி அதை மொபைல் என்று நினைத்து மெனுவை மூன்று கோடு ஐகானுக்குள் மடித்துவிடும். மெனு இணைப்பைத் தேடும் டெஸ்ட் தோற்கும். 1920 × 1080 என்று வெளிப்படையாக அமைத்துவிடுங்கள்.

நினைவகம் மூன்றாவது. டாக்கர் கன்டெய்னருக்குப் பகிர்வு நினைவகம் இயல்பாக 64 எம்பிதான் கிடைக்கும். குரோமுக்கு அது போதாது, நடுவில் டேப் கிராஷ் ஆகும். பகிர்வு நினைவகத்தை 2 ஜிபியாகக் கொடுத்துக் கன்டெய்னரைத் தொடங்க வேண்டும்.

கடைசியாக நேர மண்டலம். கன்டெய்னர்கள் வழக்கமாக யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும். "இன்றைய தேதி" காட்டும் பக்கத்தை நள்ளிரவை ஒட்டி சோதித்தால், ஸ்கிரிப்ட் ஒரு தேதியையும் பிரவுசர் இன்னொரு தேதியையும் சொல்லும். பகலில் பாஸ், இரவு ஓட்டத்தில் மட்டும் ஃபெயில் என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

செலினியத்தின் டாக்கர் இமேஜ்களில் உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். 7900 போர்ட்டைத் திறந்துவிட்டால் பிரவுசரிலேயே அந்தத் திரை தெரியும். இயல்பான கடவுச்சொல் 'சீக்ரெட்', ஆங்கிலச் சிறிய எழுத்துகளில். ஒரு நிமிடம் பார்த்தால் பத்துப் பக்க லாகை விட அதிகம் புரியும்.

கோப்பைப் பதிவேற்றும், இறக்கும் டெஸ்ட்களை எப்படி எழுதுவது?

பதிவேற்றத்துக்கு கோப்பு தேர்ந்தெடுக்கும் சன்னலைத் திறக்கவே கூடாது. அது இயங்குதளத்தின் சன்னல், வெப்டிரைவரின் கை அங்கே எட்டாது. கோப்பு வகை உள்ளீட்டு எலிமென்டுக்கே கோப்பின் முழுப் பாதையைத் தட்டச்சாக அனுப்பினால் போதும். ரிமோட்டில், அந்தப் பாதையைப் பிரவுசர் தன் கணினியில் தேடும். கோப்போ உங்கள் கணினியில் இருக்கிறது. இதற்கு 'லோக்கல் ஃபைல் டிடெக்டர்' உண்டு. பாதையைப் பார்த்ததும் கோப்பைச் சுருக்கி மறுமுனைக்கு அனுப்பிவிடும். பைத்தான் ரிமோட்டில் இது இயல்பாகவே இயங்கும், ஜாவாவில் நாம் அமைக்க வேண்டும்.

இறக்கமும் அதேபோலத்தான், கோப்பு மறுமுனையில் விழும். கிரிட் 4-ல் இறக்கங்களை நிர்வகிக்கும் வசதியை நோடிலும் (கிரிட்டில் பிரவுசரை ஓட்டும் பகுதியிலும்) செஷன் விருப்பங்களிலும் இரண்டு இடத்திலும் இயக்க வேண்டும். செஷன் முடிந்ததும் அந்தக் கோப்புகள் அழியும், அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பின் உள்ளடக்கம் மட்டும் வேண்டுமென்றால் இணைப்பின் முகவரியை எடுத்து, குக்கியோடு நேரடி எச்டிடிபி கோரிக்கை அனுப்புவதே எளிது.

தமிழ் உரையைச் சோதிக்கும்போது கவனிக்க வேண்டியவை?

பார்க்க ஒன்றாக இருந்தும் ஒப்பிட்டால் வேறு என்று சொல்வதுதான் பெரிய தலைவலி. 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். ஒப்பிடும் முன் இரண்டு பக்க உரையையும் யூனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவத்துக்கு) மாற்றிவிட்டால் இது தீரும். ஆனால் ஔகாரத்தில், குறிக்குப் பதிலாக 'ள' என்ற எழுத்தையே தட்டியிருந்தால் எந்த வடிவமாற்றமும் சரிசெய்யாது. அது தரவுப் பிழை, தரவிலேயே திருத்த வேண்டும்.

திரைப்பிடிப்பில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. உரையை ஒப்பிடும் டெஸ்ட்கள் அப்போதும் பாஸாகும், படத்தை ஒப்பிடுபவை தோற்கும். தமிழ் எழுத்துகளை குரோம்டிரைவர் ஒழுங்காகத் தட்டும். எமோஜி பலவற்றை மறுக்கும், யூனிகோடின் அடிப்படைத் தளத்துக்கு வெளியே இருப்பவற்றைத் தட்ட அதற்கு முடியாது.

எத்தனை பிரவுசர்களை ஒரே சமயத்தில் ஓட்டலாம்?

கிரிட் 4-ன் நோட், ப்ராசஸர் கோர் எத்தனையோ அத்தனை செஷன்களை இயல்பாக அனுமதிக்கும். சஃபாரிக்கு ஒன்றே ஒன்று. ஒரு பிரவுசருக்கு ஒரு கோர், 1 ஜிபி நினைவகம் என்று கணக்கு வைத்துத் தொடங்குங்கள். எண்ணிக்கையை வலுக்கட்டாயமாக உயர்த்தலாம், ஆனால் எல்லாம் மெதுவாகி காத்திருப்பு நேரங்கள் தாண்டிப்போய், இல்லாத பிழைகள் முளைக்கும்.

இணையாக ஓட்டும்போது உண்மையான சிக்கல் தரவில்தான் வரும். இரண்டு டெஸ்ட்கள் ஒரே பயனர் கணக்கில் நுழைந்தால், ஒன்று கூடையில் போட்டதை மற்றொன்று காலி செய்யும். ஒவ்வொரு டெஸ்ட்டும் தனக்கென்று ஒரு பயனரை உருவாக்கிக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு டெஸ்ட்டிலும் உள்நுழைவுத் திரையைக் கடக்க வேண்டுமா? ஓடிபி, கேப்சாவை என்ன செய்வது?

உள்நுழைவை அதற்கென உள்ள டெஸ்ட்களில் மட்டும் திரை வழியாகச் சோதியுங்கள். மற்றவற்றில் ஏபிஐ வழியாக (திரை இல்லாமல் நிரலே செயலியின் சர்வரோடு பேசும் வழியில்) நுழைந்து, கிடைத்த குக்கியைப் பிரவுசரில் சேருங்கள். சேர்க்கும் முன் அதே தளத்தின் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் குக்கியின் டொமைன் பொருந்தவில்லை என்று பிழை வரும்.

கேப்சா, தானியங்கியைத் தடுக்கவே இருப்பது. அதை உடைக்க முயல்வது வீண். சோதனைச் சூழலில் அதை அணைத்துவைக்கச் சொல்லுங்கள். ஓடிபிக்கும் அங்கே மாறாத எண் ஒன்றை வைக்கலாம், அந்த அமைப்பு நேரடிச் சூழலுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

4444 போர்ட்டை இணையத்தில் திறந்துவைக்கலாமா?

கூடாது. கிரிட் இயல்பாகக் கடவுச்சொல் கேட்பதில்லை. முகவரி தெரிந்த எவரும் உங்கள் கணினியில் பிரவுசரைத் திறந்து, உள் நெட்வொர்க்கில் இருக்கும் பக்கங்களை மேயலாம். அதைவிட மோசம், செஷன் விருப்பங்களில் பிரவுசர் நிரலின் பாதையைக் குறிப்பிடும் இடம் இருக்கிறது. அதில் வேறொரு நிரலின் பாதையைக் கொடுத்து ஓட்டிவிடலாம். ஃபயர்வாலுக்குள் வையுங்கள், வெளியிலிருந்து தேவையென்றால் விபிஎன் வழியாக வாருங்கள். பிரவுசரின் திரையைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் 5900, 7900 போர்ட்களுக்கும் இதே விதி.

டெஸ்ட் தோற்றால் எதையெல்லாம் சேமிக்க வேண்டும்?

திரைப்பிடிப்பு, அந்தக் கணத்துப் பக்க எச்டிஎம்எல், தற்போதைய முகவரி, பிரவுசர் கன்சோல் லாக். நான்கும் செஷனை மூடுவதற்கு முன் எடுக்கப்பட வேண்டும். மூடிய பிறகு எடுக்கப் போனால், "செஷன் ஐடி செல்லாது" என்ற இரண்டாவது பிழை வந்து முதல் பிழையை மறைத்துவிடும்.

கொஞ்ச நேரம் ஓடிய பிறகு புதிய டெஸ்ட்கள் வரிசையில் நின்றுகொண்டே இருக்கின்றன. கிரிட் தொங்கிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை, இடங்கள் எல்லாம் கைவிடப்பட்ட செஷன்களால் நிரம்பியிருக்கும். ஸ்கிரிப்ட் நடுவில் பிழையில் நின்று, செஷனை முடிக்கும் 'க்விட்' கட்டளை ஓடாமல் போனால், பிரவுசர் மறுமுனையில் திறந்தபடியே இருக்கும். கிரிட் 300 விநாடி கட்டளை ஏதும் வராவிட்டால்தான் அதைத் தானே மூடும். அதற்குள் வரிசையில் நிற்பவற்றுக்கும் அதே 300 விநாடி கெடு முடிந்து அவையும் தோற்கும். க்விட்டை டெஸ்ட்டின் கடைசி வரியில் வைக்காமல், டெஸ்ட் தோற்றாலும் கட்டாயம் ஓடும் முடிப்புப் பகுதியில் வையுங்கள். 'குளோஸ்' கட்டளை தற்போதைய சன்னலை மட்டுமே மூடும். இன்னொரு சன்னல் திறந்திருந்தால் செஷன் உயிரோடுதான் இருக்கும்.